கப்பலில் இருக்கும் பிள்ளைக்குக் கரையில் யார் துணை?

மேலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கப்பலில் பொதுப்பணி மாலுமியாகச் சேர்வதற்கான ஆறு மாத ஜிபி ரேட்டிங் பயிற்சியை முடித்துவிட்டு முதல் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு பையனின் வீட்டில், அவனுடைய ஒப்பந்தத் தாளைப் படித்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். கப்பல் பதிவாகியிருந்தது லைபீரியாவில்; உரிமையாளரின் முகவரி கிரேக்கத்தில்; கப்பலை நிர்வகிக்கும் நிறுவனம் சிங்கப்பூரில்; ஆள் எடுத்த ஏஜென்சி மும்பையில்; பையன் போய் ஏறவேண்டிய துறைமுகம் பிரேசிலில். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவனுடைய அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தாவது விரலை மடக்கியதும், “ஏண்ணே, அவனுக்கு அங்கன ஒண்ணுன்னா நாங்க யாருகிட்டப் போயிக் கேக்குறது?” என்றார்.

தூத்துக்குடியிலோ நாகர்கோவில் பக்கத்திலோ என்றால், தெருவுக்கு ஒருவராவது கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர் இருப்பார். அவரிடம் கேட்டால் போதும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி மூன்று மணி நேரம் போகவேண்டிய மதுரைப் பக்கத்தில், ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கப்பலுக்குப் போகிற பிள்ளையின் பெற்றோருக்கு அப்படிக் கேட்டறிய ஆள் கிடையாது. அதனால் அன்று வாய்மொழியாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த அம்மாவின் கேள்விக்கு உலகத் துறைமுகங்களில் நெடுங்காலமாக இரண்டு விடைகள் உண்டு: ஒன்று கடலோடிகளின் தொழிற்சங்கம், மற்றொன்று துறைமுகங்களில் பணியாற்றும் சமய அமைப்புகள், அதாவது மிஷன்கள்.

முதலில் கேள்வி ஏன் எழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மதுரையில் ஒரு மில்லில் சம்பளம் நின்றுபோனால், போய் நிற்பதற்கு மில் வாசல் இருக்கிறது, மனுக் கொடுப்பதற்குத் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது, சட்டம் எந்த நாட்டுச் சட்டம் என்ற சந்தேகமே எழுவதில்லை. கப்பலில் அப்படியில்லை. நடுக்கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவாகி எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியிருக்கிறதோ, அந்த நாட்டின் சட்டமே அதில் முதன்மையாகச் செல்லும். வரியும் கட்டுப்பாடும் குறைவாக இருக்கும் நாட்டைத் தேடி உரிமையாளர்கள் கப்பலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், உலகக் கப்பல்களில் மிகப் பெரிய பங்கு பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் கொடிகளில் ஓடுகிறது. உரிமையாளருக்கும் கொடிக்கும் உண்மையான தொடர்பு இல்லாத இந்த ஏற்பாட்டை ‘வசதிக்கொடி’ என்று தொழிற்சங்கத்தார் சொல்கிறார்கள். வசதி உரிமையாளருக்கு, கப்பலில் வேலை பார்ப்பவருக்கு அது வாசல் இல்லாத மில். வசதிக்கொடிக் கப்பல்கள் எல்லாமே மோசமானவை என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுத்து மரியாதையாக நடத்தும் நிறுவனங்கள் நிறையவே உள்ளன. தவறு நடக்கும்போது யார் பொறுப்பு என்று பிடிப்பதுதான் கடினம்.

இந்த இடத்தில்தான் சங்கம் வருகிறது. ஒரு நாட்டுக்குள் அடங்காத தொழிலுக்கு ஒரு நாட்டுக்குள் அடங்கிய சங்கம் போதாது என்பதைக் கடலோடிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் வெகு முன்னதாகவே உணர்ந்திருந்தார்கள். 1896-இல் லண்டனில் அவர்கள் தொடங்கிய கூட்டமைப்புதான் இன்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் என்று வளர்ந்திருக்கிறது. கப்பலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக ஐடிஎஃப் என்பார்கள். 1948-இல் அது வசதிக்கொடிகளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. வசதிக்கொடி முறை ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அந்த இயக்கத்தின் வழியாக, கப்பல் கப்பலாகவும் நிறுவனம் நிறுவனமாகவும் ஊதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் வழக்கம் உருவானது. ஓர் ஏபி, அதாவது தேர்ச்சி பெற்ற தளமாலுமி, மாதம் இவ்வளவுக்குக் குறையாமல் பெறவேண்டும், மிகைநேரத்துக்கு இவ்வளவு, காயம்பட்டால் இவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அந்த ஒப்பந்தம் வகுத்துவைக்கிறது. கடலோடிகளின் அடிப்படை ஊதியத்துக்கு உலக அளவில் ஒரு குறைந்தபட்ச அளவைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாக முதலாளிகளும் சங்கங்களும் பேசி நிர்ணயிக்கிறார்கள். இன்னொரு தொழிலில் இப்படி உலகம் முழுமைக்கும் பேசி முடிவான ஊதியத்தைப் பார்ப்பது அரிது.

ஒப்பந்தம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. சென்னை உட்பட உலகின் முக்கியத் துறைமுகங்கள் பலவற்றில் ஐடிஎஃப் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கப்பலில் ஏறும் ஆய்வாளர் பணியாளர் பட்டியலையும், ஒப்பந்தங்களையும், ஊதியக் கணக்கையும், ஓய்வு நேரப் பதிவேட்டையும் கேட்டுப் பார்ப்பார். சமையற்கட்டின் குளிர்பெட்டியைத் திறந்து எத்தனை நாளுக்குக் காய்கறியும் இறைச்சியும் இருக்கிறது என்றும் பார்ப்பார். சில கப்பல்களில் இரண்டு கணக்குகள் இருக்கும்: ஆய்வாளருக்குக் காட்டுவது ஒன்று, உண்மையில் கொடுத்தது இன்னொன்று. முழுச் சம்பளம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச்சொல்லிவிட்டுப் பாதியைக் கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் நடக்கிறது. அனுபவமுள்ள ஆய்வாளர் ஏபியின் கைபேசியில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு ஏன் நிறுவனங்கள் செவிசாய்க்கின்றன என்றால், அதே கூட்டமைப்பில் துறைமுகத் தொழிலாளர் சங்கங்களும் இருக்கின்றன. சரக்கை ஏற்றி இறக்கும் கைகள் தயங்கினால் கப்பலுக்கு ஒரு நாள் தாமதம் என்பது பெரிய நட்டம். 1896-இல் கடலோடியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்ததன் பலம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தியக் கடலோடிகளுக்கு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கங்கள் உண்டு. தளத்திலும் எஞ்சின் அறையிலும் வேலை பார்க்கும் ரேட்டிங்குகளுக்கு நுசி என்று சொல்லப்படும் தேசியக் கடலோடிகள் சங்கமும், அதிகாரிகளுக்கு எம்யூஐ என்று சொல்லப்படும் இந்தியக் கடல்சார் சங்கமும் முக்கியமானவை. இரண்டும் ஐடிஎஃப்பில் இணைந்தவை. சந்தா கட்டுவதைப் பிள்ளைகள் வீண்செலவாக நினைக்கிறார்கள். பிரேசிலில் கப்பல் நிற்கும்போது இவன் சார்பில் பேச அந்த ஊரில் ஓர் ஆள் கிளம்பிப் போகிறார் என்றால், அதற்கு வழி இந்தச் சங்கங்களின் இணைப்புதான் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச்சொல்ல வேண்டும்.

மிஷன்களின் கதை வேறு. கப்பலோட்டிகளுக்கான சமயப் பணி, சங்கங்களுக்கும் முந்தியது. லண்டனில் 1818-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று, கடலோடிகள் சங்கம் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. பெயரில் சங்கம் இருந்தாலும் அது கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. 1835-இல் ஜான் ஆஷ்லி என்ற ஆங்கிலிக்கக் குருவானவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் காற்றுக்காக நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைக் கரையிலிருந்து பார்த்து, அவற்றில் இருப்பவர்களை யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்று அறிந்து, படகில் சென்று சந்திக்கத் தொடங்கினார். அந்தப் பணியின் வழியில் 1856-இல் உருவானதுதான் இன்று மிஷன் டு சீஃபேரர்ஸ் எனப்படும் அமைப்பு. பறக்கும் தேவதூதர் அதன் சின்னம். கத்தோலிக்கர்களின் அமைப்பு 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தோன்றியது. அதன் இன்றைய பெயர் ஸ்டெல்லா மாரிஸ். சென்னையிலுள்ள மகளிர் கல்லூரியால் நமக்குப் பழகிய பெயர்தான். இலத்தீனில் கடலின் விண்மீன் என்று பொருள், மாதாவைக் குறிப்பது.

இந்த வரலாற்றில் நம்மவர்களுக்கும் ஒரு துயரமான பங்கு உண்டு. ஆங்கிலேயக் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்த இந்தியர்கள், லண்டனில் கப்பல் சரக்கிறக்கி முடித்த பிறகு, திரும்பும் பயணம் கிடைக்காமல் பனிக்காலத் தெருக்களில் பட்டினி கிடந்தார்கள். பலர் இறந்தும் போனார்கள். அவர்களுக்கும் மற்ற ஆசிய, ஆப்பிரிக்கக் கடலோடிகளுக்குமாக 1857-இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் அந்நியர் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்களின் நோக்கத்தில் மதமாற்றமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்றைய துறைமுகப் பணியின் நெறி வேறு: வந்தவரின் மதத்தைக் கேட்காமல் பணி செய்வது. பெற்றோர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அங்கே போய்த் தேநீர் குடிப்பதற்கும், வைஃபையில் வீட்டுக்குப் பேசுவதற்கும் யாரும் ஜெபம் செய்யச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பணி எப்படி நடக்கிறது? கப்பலைத் துறைமுகத்தில் கொண்டுவந்து கட்டியதும், துறைமுக அனுமதி பெற்ற ஒருவர், பெரும்பாலும் ஒரு ஃபாதரோ குருவானவரோ தன்னார்வலரோ, தோளில் ஒரு பையுடன் கேங்வே ஏணியில் ஏறுகிறார். ஏணித் தலைப்பில் காவல் நிற்கும் மாலுமி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதவைத்து, மெஸ் அறைக்கு அழைத்துப் போகிறார். பையில் சிம் கார்டுகள், சில மொழிகளில் அச்செடுத்த செய்தித் தாள்கள், குளிர்நாடு என்றால் யாரோ ஒரு பாட்டி பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பிகள். கரைக்குப் போக விரும்புகிறவர்களைத் தம் வேனில் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். இது சின்ன உதவியாகத் தோன்றலாம். ஆனால் 2004-இல் நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு பல துறைமுகங்களில் மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்கி நடந்து வெளியே போவதே பெரும்பாடாகிவிட்டது. கன்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பதும் சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு வேன் இல்லையென்றால், ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஒருவன் மண்ணை மிதிப்பது இரண்டு மூன்று முறையாகக்கூடக் குறைந்துவிடும்.

திருமங்கலம் பக்கத்து ஆயிலர், அதாவது எஞ்சின் அறைப் பணியாளர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கப்பல் பசிபிக்கில் இருந்தபோது ஊரில் அப்பா இறந்துவிட்டார். கேப்டன் செய்தியைச் சொன்னார், திரும்புவதற்கு வழியில்லை, அடுத்த துறைமுகம் வர இன்னும் பல நாள் இருந்தது. துறைமுகம் வந்தபோது ஊரில் பதினாறாம் நாள் காரியம். கப்பலுக்கு வந்த மிஷன்காரர் விவரம் கேட்டு அவரைத் தம் வேனில் உட்காரவைத்து, தம் கைபேசியை இணைய வசதியோடு கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் மழையில் குடையோடு நின்றிருக்கிறார். ஊரில் அண்ணன் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, இவர் வேனுக்குள் இருந்தபடி காரியம் முழுவதையும் பார்த்திருக்கிறார். முடிந்த பிறகு அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாராம். “அவரு பேரு கூட நான் கேக்கலண்ணே” என்று ஆயிலர் வருத்தப்பட்டார்.

சங்கமும் மிஷனும் தனித்தனி வேலை பார்ப்பவையாகத் தோன்றினாலும், நடைமுறையில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சம்பளம் வரவில்லை என்பதைக் கேப்டனுக்குப் பயந்து யாரிடமும் சொல்லாதவன், காப்பி குடிக்கும்போது ஃபாதரிடம் சொல்லிவிடுவான்; அவர் அவன் சம்மதத்தோடு ஆய்வாளருக்குத் தகவல் அனுப்புவார். 1981-இல் ஐடிஎஃப் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது. ஒப்பந்தம் போட்ட கப்பல்களிலிருந்து வரும் நலநிதியைக் கொண்டு துறைமுக ஓய்வு மையங்களுக்கும் வேன்களுக்கும் அது பணம் கொடுத்து வந்திருக்கிறது. திருமங்கலத்துக்காரர் உட்கார்ந்திருந்த வேன் போன்றவற்றில் பல, சங்கத்தின் பணத்தில் வாங்கி மிஷன் ஓட்டுபவைதான். சமயத்தையும் தொழிற்சங்கத்தையும் எதிரெதிராக வைத்துப் பேசும் நம் அரசியல் பழக்கத்தில் இது எளிதில் நம்பக்கூடிய செய்தி அல்ல. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இரண்டும் சேர்ந்து கைகொடுக்க வேண்டிய மிகக் கொடிய நிலை கைவிடப்படுதல். உரிமையாளர் கடனில் மூழ்கியதும் கப்பலையும் அதிலுள்ளவர்களையும் ஏதோ ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போனை அணைத்துவிடுவது. 2024-இல் மட்டும் உலகில் 300-க்கு மேற்பட்ட கப்பல்களில் 3,000-க்கு மேற்பட்டோர் இப்படிக் கைவிடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. நாடுவாரியாக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். எகிப்தில் 2017-இல் தடுத்து நிறுத்தப்பட்ட எம்வி அமான் என்ற கப்பலில், சிரியாவைச் சேர்ந்த முதன்மை அதிகாரியை நீதிமன்றம் கப்பலின் சட்டப் பொறுப்பாளராக நியமித்துவிட்டதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. மற்றவர்கள் ஊர் திரும்பிவிட, கடைசியில் அவர் மின்சாரம் இல்லாத கப்பலில் தனியாக இருந்தார். சில நாட்களுக்கு ஒருமுறை கரைக்கு நீந்திப்போய்க் கைபேசிக்கு மின்னூட்டி, உணவும் தண்ணீரும் வாங்கிவந்தார். 2021 ஏப்ரலில் அவர் ஊருக்குப் போக முடிந்ததற்குக் காரணம், எகிப்திலிருந்த ஐடிஎஃப் பிரதிநிதி அந்தச் சட்டப் பொறுப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முன்வந்ததுதான்.

சட்டமும் இப்போது கைகொடுக்கிறது. 2006-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, உரிமையாளர் செலவில் ஊர் திரும்பும் உரிமை, கரையிலுள்ள ஓய்வு மையங்களுக்குப் போகும் வசதி ஆகியவை அதில் உண்டு. 2017 ஜனவரியிலிருந்து, கைவிடப்பட்டால் பயன்படும் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கியையும், உணவையும், ஊர் திரும்பும் செலவையும் அது ஏற்கும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே அது கைவிடப்பட்ட நிலையாகக் கருதப்படலாம். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கும் நம் பிள்ளைகளின் பொறுமை இந்த இடத்தில் அவர்களுக்கே எதிராகப் போய்விடுகிறது.

இதெல்லாம் தொலைதூரத்துக் கதை என்று நினைப்பவர்கள், மதுரையிலிருந்து மேலூருக்குப் பேருந்தில் போகும்போது யானைமலைக்கு முன்னால் தெரியும் உயர் நீதிமன்றக் கிளையைப் பார்க்கட்டும். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடற்பகுதியில் சீமேன் கார்டு ஓகியோ என்ற கப்பல் ஆயுதங்களோடு பிடிபட்டது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் பாதுகாவலர்களும் கப்பல் பணியாளர்களுமாக அதிலிருந்த 35 பேரில் இந்தியர், பிரிட்டன்காரர், எஸ்டோனியர், உக்ரைனியர் எல்லோரும் இருந்தார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அதை ரத்து செய்து விடுதலை அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் மிஷன் டு சீஃபேரர்ஸ் அமைப்பினர் சிறையிலிருந்தவர்களைச் சந்தித்தும், அவர்கள் குடும்பங்களுக்குப் பண உதவி செய்தும் துணை நின்றார்கள். வழக்கின் சரி தவறு நீதிமன்றத்தின் வேலை. மொழி தெரியாத ஊரில் சிறையிலிருப்பவனை ஒருவர் போய்ப் பார்ப்பது வேறொரு வேலை, அதையும் யாராவது செய்யத்தான் வேண்டும்.

மேலூர் வீட்டில் நான் கடைசியாகச் சொன்னவை மிகவும் நடைமுறையானவை. ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு ஆர்பிஎஸ்எல் என்னும் உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்குக் காசு கேட்பது சட்டவிரோதம். கடவுச்சீட்டு, சிடிசி எனப்படும் கடலோடிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டும்தான் கடலோடியைச் சேரும்; விசாச் செலவுகூட உரிமையாளருடையது. நம் பக்கத்தில் நகையை அடகு வைத்து, நிலத்தை ஒத்திக்கு விட்டு இடைத்தரகர்களிடம் லட்சக்கணக்கில் கொடுத்தவர்களை நான் அறிவேன். அப்படிப் போகிற பிள்ளை, கடன் அடையும் வரை எந்த அநியாயத்தையும் வாய்திறந்து சொல்லமாட்டான் என்பதுதான் அதிலுள்ள பெரிய ஆபத்து. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வாங்காத சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. கப்பலை நீதிமன்றம் பிடித்து விற்றாலும் பணியாளரின் சம்பள பாக்கிக்கு அந்தப் பணத்தில் முன்னுரிமை உண்டு. அதை நிரூபிக்க அந்தத் தாள்கள்தான் வேண்டும். நாள் முழுதும் பல மொழிகளில் கடலோடிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசமாகப் பதில் சொல்லும் சீஃபேரர் ஹெல்ப் என்ற உதவிமையம் இருக்கிறது; அதன் எண்ணையும் சங்கத்தின் எண்ணையும் குறித்துக் கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஐஎம்ஓ எண், அதாவது கப்பலின் அடையாள எண். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் மாறுவார். ஏழு இலக்கமுள்ள அந்த எண் மட்டும் கப்பலை உடைக்கும் நாள்வரை மாறாது. அந்த எண்ணைக் கொண்டு ஐடிஎஃப் இணையதளத்தில் தேடினால் அந்தக் கப்பலுக்கு ஊதிய ஒப்பந்தம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். புகார் கொடுக்கப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த அம்மா சமையற்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றித் திருப்பி, அதன் அட்டையின் பின்பக்கத்தில் மகனைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். நாலு மாதம் கழித்து மேலூர்ச் சந்தையில் அவரைப் பார்த்தபோது கப்பலின் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. எண்ணைக் கேட்டேன். ஏழு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்.